ஈரக்குப்பை வாசலைத் தாண்டக் கூடாது, உலர்குப்பை மலையில் தங்கக் கூடாது: நீலகிரிக்கு ஒரு முழுமையான குப்பை வழிகாட்டி

குப்பையைப் பிரிப்பது பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் சமவெளி நகரங்களுக்காக எழுதப்பட்டவை. மாடியில் ஒரு தொட்டியை வைத்தால் நாற்பது நாளில் உரம் கிடைக்கும், காலையில் வண்டி வாசலுக்கே வரும் என்ற கணக்கில்தான் அவை போகும். ஊட்டியில் டிசம்பர் மாதம் அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தால் போட்ட முட்டைக்கோஸ் இலை போட்டபடியே இருக்கும். வண்டி வரும் சாலையோ வீட்டிலிருந்து அறுபது படி கீழே இருக்கும். நீலகிரியில் குடியிருப்பவர்கள், காட்டேஜ் நடத்துபவர்கள், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள், மலை ஏறி வரும் சுற்றுலாப் பயணிகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு வாசகர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மலையின் கணக்கு வேறு

2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88,430. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், வெளியூர் வாகனங்கள் இணையத்தில் அனுமதி பெற்று நீலகிரிக்குள் வரும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில் சீசன் மாதங்களுக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. ஒரு வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு சனிக்கிழமையில் 32,000 பேர் வரலாம். ஊட்டி ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் மலையில் கூடலாம். குப்பை வண்டியோ, தூய்மைப் பணியாளர்களோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

அடுத்தது சரிவு. இங்கே எதை எங்கே போட்டாலும் அது அங்கேயே இருக்காது. தேயிலைத் தோட்டத்து ஓடையில் விழுந்த சிப்ஸ் கவர் மழைக்குக் குன்னூர் ஆற்றில் இறங்கிப் பவானியில் சேரும். வடக்குச் சரிவில் விழுந்தது மாயாற்றில் போகும். இரண்டும் கடைசியில் பவானிசாகர் அணையில்தான் சந்திக்கின்றன. கூடலூர்ப் பக்கம் விழுந்தது பாண்டியாறு வழியாகக் கேரளத்துச் சாலியாற்றுக்குப் போய்விடும். போகிற வழியில் சாக்கடையையும் மதகையும் அடைத்தால், மழைநீர் சாலையை விட்டு விலகிச் சரிவுக்குள் இறங்கும். மண் ஊறிச் சரிவதற்கு அது போதும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்த மாவட்டம் இது. வடிகாலில் கிடக்கும் ஒரு சாக்குக் குப்பையை இங்கே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குளிரும் விலங்குகளும் இன்னும் இரண்டு காரணங்கள். அவற்றை உரம், விலங்கு பற்றிய பகுதிகளில் விரிவாகப் பார்ப்போம்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மலைக்கு ஒரே ஒரு விதிதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மக்கும் குப்பை உருவான வளாகத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மக்காத குப்பை சுத்தமாக, காய்ந்த நிலையில், மலையை விட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் இரண்டுமே நடக்காது. கலந்த குப்பை எடை கூடும், நாறும், விலங்கை அழைக்கும், லாரி டீசலைத் தின்னும். எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் அதைத் தொடமாட்டார்.

படி 1: ஒரு வாரம் எடை போடுங்கள்

தொட்டி வாங்கும் முன் ஒரு கைத்தராசு வாங்குங்கள். மீன் கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு போதும். ஏழு நாள் ஈரக்குப்பையைத் தனியாக, உலர்ந்ததைத் தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடாக இருந்தால் பெரும்பாலும் பாதிக்கு மேல் ஈரக்குப்பைதான் என்று தெரியவரும். காட்டேஜாக இருந்தால் வார நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எத்தனை டிரம் வேண்டும், எவ்வளவு பெரிய உரக்குழி வேண்டும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை எடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சராசரியை வைத்துத் திட்டமிட்டால் சீசனில் வழிந்துவிடும்.

படி 2: வீட்டுக்குள் நான்காகப் பிரிப்பது

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் ஈரமானது, உலர்ந்தது, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டியது என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. சமையலறையில் நாலு தொட்டிக்கு இடம் வேண்டியதில்லை. ஈரத்துக்கு ஒரு மூடி போட்ட வாளி, உலர்ந்ததற்குக் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஒரு சாக்கு, குளியலறையில் ஒரு சிறு டப்பா, பரண் மேல் ஓர் அட்டைப்பெட்டி. அவ்வளவுதான்.

உலர்குப்பையில் மலைக்காரர்களுக்கு உள்ள பெரிய தடை ஈரம். ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். பால் கவரை அலசி வெளியே போட்டால் மூன்று நாளானாலும் காயாது, உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. கவரை வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டிக்காமல், ஓர் ஓரத்தில் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். தனியாக விழும் அந்தச் சிறு முக்கோணத் துண்டை எந்தப் பணியாளராலும் பொறுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாலை ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். பிறகு கவரைப் பக்கவாட்டில் கிழித்து விரித்து, அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். சமையல் சூட்டிலேயே மாலைக்குள் காய்ந்துவிடும். மாவு கவர், எண்ணெய் கவர், தயிர் கப் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எண்ணெய் கவரை மட்டும் முதலில் ஒரு கைப்பிடி கடலை மாவோ, தவிடோ போட்டுத் துடைத்துவிட்டு அலச வேண்டும்.

காய்ந்ததை மீண்டும் இரண்டாகப் பிரித்தால் விலை கிடைக்கும். அட்டை, பேப்பர், பாட்டில், டின், கெட்டியான பிளாஸ்டிக் ஆகியவை காயலான் கடைக்குப் போகும். சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட் மாதிரி உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ளவற்றை யாரும் வாங்கமாட்டார்கள். அவற்றைத் தனிச் சாக்கில் அழுத்திக் கட்டி உள்ளாட்சி வண்டியில் கொடுங்கள். அவை சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகக்கூடியவை. ஈரமாகவோ சோறு ஒட்டியோ இருந்தால் ஆலை ஏற்காது. வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாப்கினையும் டயப்பரையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய புள்ளியோ பெருக்கல் குறியோ போட்டுத் தனியாகக் கொடுங்கள். அதைக் கையால் பிரித்துப் பார்க்க நேரும் ஒரு பெண்ணை நினைத்தால் இந்த அரை நிமிட வேலை பெரிதாகத் தெரியாது. கழிப்பறைக்குள் போடாதீர்கள். மலையில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான், அது அடைத்தால் கழிவு கீழ்வீட்டுக்காரர் முற்றத்தில்தான் வெளிவரும்.

பரண் மேல் உள்ள அட்டைப்பெட்டிக்கு பேட்டரி, பழைய பல்பு, காலாவதியான மாத்திரை, ஊசி, பெயின்ட் டின் எல்லாம் போகும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதோடு பூச்சிமருந்து, களைக்கொல்லி பாட்டில்களும் சேரும். பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டு வையுங்கள். ஊற்றுத் தண்ணீர் பிடிக்க அதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஓட்டை.

படி 3: குளிரில் உரம் போடுவது

மலையில் அதிகம் தோற்பது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டியும், கூடலூர் ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கின்றன. கூடலூரில் சமவெளி முறை கிட்டத்தட்ட அப்படியே வேலை செய்யும். ஊட்டியில் செய்யாது. உரக்குவியல் சரியாக வேலை செய்தால் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டைக் கிருமிகள்தான் உண்டாக்குகின்றன. ஆனால் நாலு பேர் குடும்பத்தில் ஒரு நாளைக்குச் சேரும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஈரக்குப்பை அந்தச் சூட்டைத் தக்கவைக்கும் அளவுக்குப் பெரிய குவியல் ஆகாது. வெளிக்குளிர் அதை இழுத்துக்கொள்ளும். நீள அகல உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும் குவியல் தன் சூட்டைத் தானே காக்கும். அதற்குக் குறைந்தால் வெளியே போர்வை வேண்டும்.

வீட்டுக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு எடுங்கள். அடியிலும் பக்கத்திலும் விரல் அளவு ஓட்டைகள் போடுங்கள். செங்கல் மேல் நிற்க வைத்துச் சுற்றிலும் பழைய சாக்கு இரண்டு மடிப்பு கட்டி, சாக்குக்கும் டிரம்முக்கும் இடையில் காய்ந்த சருகைத் திணியுங்கள். காலை வெயில் படும் சுவரோரம் வையுங்கள். மேலே மழை விழாத மூடி கட்டாயம்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சியும் சருகும் போடுங்கள். அதற்கு மேல் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்ற அளவில் அடுக்குங்கள். முட்டைக்கோஸ் மேலிலை, கேரட் தழை, முள்ளங்கித் தழை இவையெல்லாம் தண்ணீர் நிறைந்தவை. முழுதாகப் போட்டால் சளி மாதிரி ஆகிவிடும். இரண்டு விரல் அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். டீத்தூள் சக்கை மலை வீடுகளில் தாராளமாகச் சேரும், உரத்துக்கு அருமையான சரக்கு. தொடக்கத்துக்கு ஒரு சட்டி சாணக் கரைசலோ, புளித்த மோரோ, பக்கத்து வீட்டுப் பழைய உரமோ கலந்துவிடுங்கள்.

எந்தச் சருகு என்பதும் முக்கியம். சில்வர் ஓக் இலை தோட்டம் முழுக்கக் கிடைக்கும், நொறுக்கிப் போட்டால் நன்றாக மக்கும். சீகை (வாட்டில்) மர இலையும் பரவாயில்லை. கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையில் உள்ள எண்ணெய் மக்குவதைத் தாமதப்படுத்தும், சருகில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பைன் ஊசிச் சருகை உரத்தில் போடாமல் செடிக்கு மூடாக்காகப் போடுங்கள். ஒன்றுமே கிடைக்காத மழைக்காலத்துக்காக ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆறு ஏழு சாக்குச் சருகைக் கட்டி மழை படாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூலையில் உரம் நாறுகிற வீடுகளில் எல்லாம் காரணம் சருகு தீர்ந்துபோனதுதான்.

வாரம் ஒரு முறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. தண்ணீராக வழிந்தால் சருகு சேருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை, கிளறிச் சருகு போடுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடித்தாலும் சருகுதான் மருந்து. ஒரு டிரம் நிறைந்ததும் அதை மூடிவைத்துவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். கூடலூரில் இரண்டு மாதத்தில் தயாராவது ஊட்டியில் மூன்று, நான்கு மாதம் எடுக்கும். அவசரப்பட்டு அரைகுறையாக எடுத்துச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும்.

மீன், கறி, எலும்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைத் திறந்த உரத்தில் போடக் கூடாது. காட்டுப்பன்றியும் கரடியும் அன்றிரவே வரும். இவற்றை இறுக்கமான மூடியுள்ள வாளியில், கடையில் கிடைக்கும் நொதிப்புத் தவிட்டை அடுக்கடுக்காகத் தூவிப் புளிக்க வைக்கலாம். சமவெளியில் இரண்டு வாரம் ஆவது இங்கே மூன்று, நான்கு வாரம் ஆகும். பிறகு ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேல்பக்கச் சரிவில் மட்டும் எதையும் புதைக்காதீர்கள்.

சாண எரிவாயுக் கலன் மாதிரி உணவுக் கழிவுக் கலனை வாங்கச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். அந்தக் கிருமிகள் 30 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக இருக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யோசிக்கலாம். ஊட்டியில் சூடாக்கும் ஏற்பாடோ பசுமைக்குடிலோ இல்லாமல் வாங்குவது பண விரயம்.

படி 4: விலங்குக்கு அழைப்பு விடுக்காமல் இருப்பது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி வீட்டுக் கதவைத் தட்டுவது இன்று செய்தியே இல்லை. கோயில் விளக்கு எண்ணெயைத் தேடி வரும் பிராணி அது. பயன்படுத்திய சமையல் எண்ணெயை டின்னில் ஊற்றி வெளியே வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டுமாடு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக் காய்கறித் தோலைக் கவரோடு தின்னும். தெருநாய் குப்பைக்கு வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். 2025-இல் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. குப்பைக்கிடங்குப் பக்கம் மேய்ந்து பழகியதன் விளைவு.

குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள், வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் எடுத்துவாருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி தொல்லை குறையும். வெளியில் வைத்தே ஆக வேண்டிய விடுதிகள் தகர மூடியும் கொக்கியும் உள்ள இரும்புக் கூண்டு செய்ய வேண்டும். வெறும் கொக்கியைக் குரங்கு திறந்துவிடும், அதனால் ஸ்பிரிங் பூட்டு போடுங்கள். கூண்டைத் தரையில் கான்கிரீட்டோடு பிணைத்துவிட்டால் காட்டுமாடு புரட்ட முடியாது. உணவுக் கழிவு அதற்குள்ளும் போகக் கூடாது.

எரிப்பதும் வேண்டாம். பனிக்காலக் காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்கும். கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் எரித்த பிளாஸ்டிக் புகை அடுத்த ஹட்டி (படுகர் கிராமம்) குழந்தையின் மூச்சில்தான் ஏறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சருகுக்குத் தீ பரவும் ஆபத்து வேறு.

படி 5: வண்டி வராத வீடுகள்

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், படிக்கட்டுக் குடியிருப்புகள், ஹட்டியின் மேல்வரிசை இவற்றில் வாசல் சேகரிப்பு என்பது காகிதத்தில்தான் இருக்கும். நடைமுறையில் ஒத்துவருவது இப்படி: பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஓர் இடத்தில் செங்கல்லால் பொது உரத்தொட்டி கட்டிக்கொள்வது. குவியல் பெரிதாவதால் குளிரையும் அது தாங்கும். கொட்டுபவர் கையோடு ஒரு வாளிச் சருகைப் போட வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. உலர்குப்பையை வாரம் ஒரு நாள் மட்டும், குறித்த நேரத்தில், சாலையோரம் கொண்டுவந்து கொடுப்பது. காய்ந்த சாக்கு ஒரு வாரம் வீட்டில் இருந்தால் நாறாது. எஸ்டேட்டாக இருந்தால் கொழுந்து ஏற்றும் வண்டி திரும்பும்போது அந்தச் சாக்குகளை ஏற்றிப் போக நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள்.

படி 6: காட்டேஜ், ஹோம்ஸ்டே, ஹோட்டல்

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்குபவர் மொத்தக் கழிவு உருவாக்குபவர், ஈரக்குப்பையைத் தன் வளாகத்திலேயே முடிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. ஆறு அறைக் காட்டேஜ் அந்த வரம்புக்குள் வராது. அப்படிப்பட்ட காட்டேஜ்கள் ஒரே சரிவில் முப்பது இருந்தால் மலைக்கு என்ன வித்தியாசம்? வரம்பைப் பார்க்காமல் எல்லோரும் உரம் போடுவதுதான் நியாயம்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை உண்டு, பல இடங்களில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. ஆனாலும் விருந்தினர் மேட்டுப்பாளையத்தில் வாங்கி ஏற்றி வருகிறார்கள். பத்து அறை, அறைக்கு நாலு பாட்டில், மாதம் இருபது நாள் என்று வைத்துப் பாருங்கள். 800 பாட்டில் உங்கள் தலையில். அறையில் கண்ணாடிக் கூஜாவில் காய்ச்சிய தண்ணீர் வைத்து, தாழ்வாரத்தில் வெந்நீர், குளிர்ந்த நீர் இரண்டும் வரும் வடிகட்டி ஒன்று பொருத்தினால் அவர்கள் வாங்கிவரத் தேவையே இருக்காது. சோப்பு, ஷாம்புவைச் சுவரில் பொருத்திய குப்பியில் ஊற்றி வையுங்கள்.

முன்பதிவு உறுதியானதும் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம். உங்கள் அறை தயார். மலையில் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளருக்குத் தடை உள்ளது, சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டிலும் ஒரு துணிப்பையும் கொண்டு வாருங்கள். சுடுதண்ணீர் எப்போதும் இங்கே இருக்கும். குழந்தைக்கு டயப்பர் தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், சுற்றுவதற்குக் காகிதம் வைத்திருப்போம். நொறுக்குத்தீனியைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்காமல் டப்பாவில் கொண்டு வந்தால் பெரிய உதவி."

கண்டிப்பும் கெஞ்சலும் இல்லாமல், வீட்டுக்கு வரும் உறவினரிடம் சொல்வது மாதிரி இருந்தால் பெரும்பாலானோர் கேட்கிறார்கள்.

சமையலறையில் மிச்சமாகும் சோற்றைத் தினமும் எடை போட்டு எழுத வேண்டும். பஃபேயில் தட்டை நிறைத்து வைப்பதை விடச் சிறு பாத்திரத்தில் அடிக்கடி நிரப்பினால் வீணாவது நன்றாகவே குறையும். மது பாட்டில்களைத் தனிப் பெட்டியில் சேர்த்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் டாஸ்மாக் திட்டம் 2022 மே மாதம் முதன்முதலில் தொடங்கியது நீலகிரியில்தான். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்பதே அதற்குக் காரணம். திரும்பக் கிடைக்கும் பணத்தை அறை சுத்தம் செய்பவர்களுக்கே விட்டுவிடுங்கள், ஒரு பாட்டிலும் தவறாது.

படி 7: ஏறி வருபவர்களுக்கு

சாவடியில் பறிமுதல் செய்வதால் மட்டும் எதுவும் முடியாது. கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா என்று எந்த வழியாக வந்தாலும், ஒரு சுற்றுலாக் குழுவின் குப்பை எங்கே போகும் என்று தீர்மானிப்பவர் வேன் டிரைவர்தான். வண்டியில் இரண்டு துணிச் சாக்கு தொங்கவிடச் சொல்லுங்கள், ஒன்று சாப்பாட்டு மிச்சத்துக்கு, ஒன்று காய்ந்ததற்கு. இறங்கும்போது அவரே கேட்டு வாங்கினால் ஜன்னல் வழியாக எதுவும் போகாது. ஒன்பதாவது மைல், பைக்காரா வழியில் ஓரத்தில் அடுப்பு வைத்துச் சமைப்பவர்கள் வாழையிலையைப் போட்டுவிட்டுப் போவதைத் தவறில்லை என்று நினைக்கிறார்கள். இலையும் சோறும் மக்கும் என்பது உண்மைதான். அதற்குள் காட்டு விலங்குக்கு உப்பும் எண்ணெயும் பழகிவிடும்.

காட்சிமுனைகளில் குப்பைத்தொட்டி வைப்பது பற்றி எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. மாலை ஐந்து மணிக்குள் காலி செய்ய ஆள் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் வைக்கவே வேண்டாம். ஞாயிறு மதியம் வழிந்த தொட்டி திங்கள் காலைக்குள் குரங்கு இறைத்த சரிவாக மாறிவிடும். தொட்டி இல்லாத இடத்தில் "எடுத்து வந்ததைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்" என்று நுழைவிலேயே ஓர் ஆள் நேரில் சொல்வது பலகையை விட வேலை செய்யும். சோளம், மாங்காய், டீ விற்கும் கடைகளுக்குப் பொறுப்பு கொடுங்கள். தன் கடையைச் சுற்றிப் பத்தடி சுத்தமாக இருப்பது உரிமத்தின் நிபந்தனையாக இருக்கட்டும். பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது காகிதக் கணக்கில் வராது. கண்ணாடி டம்ளருக்கும் கழுவும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்து தருவது நிர்வாகத்தின் வேலை.

படி 8: ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் எதைக் கேட்பது

மலைப்பகுதிக்கென்றே 2016 விதிகளில் 20ஆம் விதி தெளிவாக இருந்தது. மலையில் நிலநிரப்புக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். மூடப்பட்ட இடத்தில், குப்பையைச் சேர்த்து வேறு வண்டிக்கு ஏற்றும் மாற்றுநிலையம் அமைத்து, மிஞ்சும் கழிவை மலையடிவாரத்தில் 25 கிலோமீட்டருக்குள் உள்ள சமவெளிக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். பரவலாக்கப்பட்ட மக்க வைக்கும் கூடங்களுக்கு மலையிலேயே இடம் ஒதுக்க வேண்டும், இடம் குறைவென்றால் படிக்கட்டுத் தோட்ட முறையைப் பின்பற்றலாம். நுழைவிடத்திலேயே பயணிகளிடம் கழிவு மேலாண்மைக் கட்டணம் வாங்கலாம் என்றும் அதில் இருந்தது. இந்தக் கட்டணம் வாங்கப்படுகிறதா, வாங்கினால் குப்பைக்கே செலவாகிறதா என்பது நியாயமான கேள்வி.

ஊட்டிக்குத் தீட்டுக்கல், குன்னூருக்கு ஓட்டுப்பட்டறை, கொடைக்கானலுக்குப் பிரகாசபுரம் என்று ஒவ்வொரு மலை நகரத்துக்கும் ஒரு பழைய குப்பைமேடு உண்டு. அவற்றைச் சலித்துப் பிரிக்கும்போது மண், கல், பிளாஸ்டிக் என்று தனித்தனியாக வரும். ஈரமாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், அதனால் மலையில் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். ஒப்பந்தம் ஜூனில் கையெழுத்தானால் ஓராண்டு வீணானது என்று அர்த்தம். ஓட்டுப்பட்டறையில் கிளீன் குன்னூர் அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து பழைய மேட்டைச் சீர்செய்து, உலர்குப்பையைப் பிரித்து அனுப்பும் மையத்தை நடத்திவருகிறது. உங்கள் ஊர் உறுப்பினரை ஒரு முறை அங்கே அழைத்துப் போங்கள். பேசிப் புரியவைப்பதைவிட அது எளிது.

கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். சீசனுக்கான ஏற்பாட்டை மே 1-இல் பேசுவது தாமதம். ஜனவரி 26 கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். "சுத்தமாக வைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். ஏப்ரல், மே வார இறுதிகளில் மாலை நேரக் கூடுதல் சேகரிப்பு, எந்தெந்த இடத்தில், எத்தனை பேர், எந்த நிதியில் என்று எழுதுங்கள். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனையும், பொங்கல், தீபாவளித் தொடர் விடுமுறைகளையும் அதே தீர்மானத்தில் சேருங்கள்.

அதே தீர்மானத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் தனிப்பத்தி வேண்டும். முழங்கை வரை வரும் கையுறை, வழுக்காத ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, உறைபனிக் காலத்துக்குக் கம்பளிச் சட்டை, தரம் பிரிக்கும் கூடத்தில் வெந்நீரும் கழிப்பறையும், கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி. காயலான் கடைக்கு விற்ற பணத்தில் அவர்களுக்கு எத்தனை பங்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் எத்தனை கிலோ உலர்குப்பை மலையிலிருந்து இறங்கியது, எத்தனை கிலோ உரம் விவசாயிகளுக்குப் போனது, எவ்வளவு பணம் வந்தது என்ற மூன்று எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடச் சொல்லுங்கள். முதல் படியில் நீங்கள் வீட்டில் வைத்த எடை நோட்டை அந்தக் கூட்டத்துக்குக் கையோடு கொண்டுபோனால், உங்கள் தெருவுக்கு எத்தனை தொட்டி, எத்தனை நடை வண்டி தேவை என்பதை அங்கேயே கணக்குப் போட்டுக் கேட்கலாம்.